காட்டுப்பன்றியைச் சுட யாருக்கு உரிமை?

பாரோயில் குடியிருப்பவர்களிடம் வனவிலங்குச் சட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், இரண்டே நிமிடத்தில் பேச்சு குரங்கில் வந்து நிற்கும். கூரை ஓடு, கொடியில் காயும் துணி, சாமி மேடையில் வைத்த வாழைப்பழம், வாசலில் நிற்கும் மாமரம், எதுவும் தப்புவதில்லை. பின்னால் அங்சி மலையும் உலு பெண்டுல் காடும் புக்கிட் பூத்துஸ் கணவாயும் இருக்கின்றன. முன்னால் துவாங்கு அப்துல் ரஹ்மான் அரங்கமும் வரிசை வரிசையாகத் தாமான்களும் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரு காலத்தில் ரப்பர் இருந்தது. இப்போது நாம் இருக்கிறோம். இந்த மாற்றத்தைக் குரங்கிடம் யாரும் சொல்லவில்லை.

"இதுகளைச் சுட்டால்தான் என்ன?" என்று கேட்காத ஆள் இல்லை. மரவள்ளி போட்டு, அதைக் காட்டுப்பன்றிக்குப் பறிகொடுத்தவர் இன்னும் சூடாகவே கேட்பார். சட்டமோ இதற்கு நேராகப் பதில் சொல்லாது. "இது யாருடைய நிலம்?" என்று திருப்பிக் கேட்கும். வேட்டைச் சட்டங்களின் நூற்றாண்டு வரலாறே இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. நெகிரி செம்பிலான் தோட்டங்களில் நம் பாட்டன், பூட்டன் பட்ட பாட்டையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

வேட்டைச் சட்டம் மிருகத்தின் மேல் இரக்கப்பட்டுப் பிறந்தது என்று நினைத்தால் அது சரியல்ல. நம் முன்னோர் கப்பலேறிய சென்னை மாகாணத்தையே எடுத்துக்கொள்வோம். நீலகிரியில் 1877இல் வேட்டை விலங்குகளைக் காப்பதற்கென்று ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. தொடங்கியவர்கள் வேட்டைக்காரர்களே! துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரத் துரைமார்கள். 1879இல் அவர்களுக்காக ஒரு சட்டமும் வந்தது. துரை துப்பாக்கியால் சுட்டால் அது விளையாட்டு. மலைவாசி கண்ணி வைத்தால் அது திருட்டு. வேட்டைக்குப் பருவம், உரிமம், கட்டணம் என்ற ஏற்பாடெல்லாம் இந்த மனப்பான்மையில் முளைத்தவைதான்.

அதே மனப்பான்மை மலாயாவுக்கும் கப்பலேறி வந்தது. நீரிணைக் குடியேற்றங்களில் 1884இல் காட்டுப் பறவைகளைக் காக்கும் சட்டம் வந்தது. பறவைச் சிறகுகளுக்கு ஐரோப்பாவில் பெரிய சந்தை இருந்த காலம் அது. 1896இல் சிலாங்கூரில் வேட்டை விலங்குகளுக்கென்று தனி இலாகா ஏற்பட்டது. நெகிரி செம்பிலான் அதற்கு முந்தின ஆண்டிலேயே ஐக்கிய மலாய் மாநிலங்களில் ஒன்றாகியிருந்தது. அந்த மாநிலங்களுக்கெல்லாம் பொதுவாக 1911இலும் 1921இலும் வனவிலங்கு, பறவைப் பாதுகாப்புச் சட்டங்கள் இயற்றப்பட்டன. காட்டெருமைக்கும் கடமானுக்கும் ஒரு வகை, காட்டுக்கோழிக்கும் புறாவுக்கும் இன்னொரு வகை, யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்று விடப்பட்டவை மற்றொரு வகை என்று உயிர்கள் தரம் பிரிக்கப்பட்டன.

தொல்லை தரும் உயிர் எது என்பதையும் துரையின் பயிர்தான் தீர்மானித்தது. காகத்தின் கதை இதற்கு நல்ல சாட்சி. ரப்பருக்கு முன்னால் இங்கே காப்பித் தோட்டங்கள் இருந்தன. காப்பிச் செடியைப் புழு அரித்தது. புழுவைத் தின்ன ஆள் வேண்டுமே! பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இலங்கையிலிருந்து காகங்களைக் கொண்டுவந்து கிள்ளான் வட்டாரத்தில் விட்டார்கள். வீட்டுக் காகமும் நம்மைப் போலவே தோட்ட வேலைக்காகக் கப்பலேறி வந்த கூலிதான். காப்பி போனது, காகம் நின்றுவிட்டது. பின்னாளில் அதுவே நகரத்துக்குத் தொல்லை என்று ஆகி, 2000ஆம் ஆண்டுகளில் கிள்ளான் நகராண்மைக் கழகம் ஆட்களைத் திரட்டிக் காகம் சுடும் போட்டியே நடத்தியது. அமாவாசையன்று காகத்துக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் குடும்பங்கள் அதே கிள்ளானில்தான் இருந்தன. காகம் பெருகினால் சுகாதாரக் கேடு என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் வேலைக்கு அழைத்து வந்து, வேலை முடிந்ததும் தொல்லை என்று பெயர் வைத்த அந்தக் கணக்கு நமக்குக் கொஞ்சம் பழக்கமானதுதானே?

இனி தோட்டத்துக்குள் வருவோம். 1920ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத்தில் ஒரு விதி உண்டு. குடும்பத்தோடு இருக்கும் தொழிலாளிக்குக் காய்கறி போட, மாடு மேய்க்க, ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலத்தை நிர்வாகம் ஒதுக்க வேண்டும். லயத்துக்குப் பின்னால் கீரை, கத்தரி, மரவள்ளி, சர்க்கரைவள்ளிப் பாத்திகள் வந்தது இப்படித்தான். நிலம் கம்பெனியுடையது. அதில் விளைந்ததுதான் நம்முடையது. பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்து, சம்பளம் குறைந்து, ஆட்களைக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பிய 1930ஆம் ஆண்டுகளில், இந்தப் பாத்திகள்தான் பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தன.

அந்தப் பாத்திக்குள் பன்றி இறங்கினால்? தோட்டத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர் துரை. அவருக்கு உரிமமும் உண்டு, பொழுதுபோக்கு வேட்டையும் உண்டு. ரப்பர் கன்றைப் பன்றி கிண்டினால் அவர் வருவார். தொழிலாளியின் மரவள்ளிக்கு வருவாரா என்பது அவர் மனசைப் பொறுத்தது. நம் ஆட்களிடம் இருந்தது நாய், ஈட்டி, தகர டப்பா, பையன்களின் கையில் லாஸ்டிக். இதில் நாயும் ஈட்டியும் கொண்டு பன்றி அடிக்கப் போவது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. ஆண்பன்றி திரும்பிப் பாய்ந்தால் தொடையைக் கிழித்துவிடும்.

இதே காலகட்டத்தில்தான் தியோடோர் ஹப்பேக் என்பவர் வருகிறார். கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் ஜாமிக் பள்ளிவாசலையும் வடிவமைத்த ஆர்தர் ஹப்பேக்கின் சகோதரர். யானையும் காட்டெருமையும் வேட்டையாடிப் புத்தகம் எழுதியவர், பிறகு அந்த விலங்குகளைக் காக்கப் போராடியவராக மாறினார். 1930இல் அமைந்த மலாயா வனவிலங்கு ஆணையத்துக்கு அவர் தலைமை தாங்கினார். 1932இல் அறிக்கை மூன்று பாகங்களாக வெளிவந்தது. பயிர்ச்சேதம் பற்றிய தோட்டத் தரப்பின் முறையீடுகளும் விசாரணையில் இடம்பெற்றன. விலங்கைக் காப்பதா, ரப்பரைக் காப்பதா என்ற வாக்குவாதம் வெள்ளைக்காரர்களுக்குள்ளேயே நடந்தது. பத்தாண்டு முடிவதற்குள், இன்று தாமான் நெகாரா என்று நாம் அழைக்கும் காடு ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஹப்பேக் இல்லையென்றால் அந்தக் காடு மிஞ்சியிருக்குமா என்பது சந்தேகமே. அவருக்கு அந்தப் பெருமையைக் கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த வாக்குவாதத்தில் இரண்டு தரப்புதான் இருந்தன. லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்டவன் மூன்றாம் தரப்பாக எண்ணப்படவே இல்லை.

ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளியே சோறானது. பாத்தியை இரவில் காவல் காக்க வேண்டியதும் அப்போதுதான் மிகுந்தது. பட்டினிக்கும் பன்றிக்கும் நடுவில் மூன்றரை ஆண்டுகள் ஓடின.

போருக்குப் பிறகு நிலைமை வேறு விதமாக இறுகியது. 1948 ஜூனில் அவசரகாலம் வந்தது. அனுமதியில்லாமல் ஆயுதம் வைத்திருந்தால் தூக்கு. தொழிற்சங்கத் தலைவர் எஸ். ஏ. கணபதி ஆயுதம் வைத்திருந்தார் என்ற குற்றத்துக்காக 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்தியாவிலிருந்து வந்த வேண்டுகோள்களும் அவரைக் காப்பாற்றவில்லை. இதை நான் வேட்டைக் கதையில் ஏன் இழுக்கிறேன் என்றால், தோட்டத் தமிழனுக்குத் துப்பாக்கி என்ற சொல்லோடு தூக்குக் கயிறு சேர்ந்தே ஞாபகத்துக்கு வந்த காலம் அது என்பதற்காகத்தான். லயங்கள் முள்கம்பி வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டன, ஊரடங்கு போடப்பட்டது. வேலிக்கு வெளியே போன பாத்திகளை இரவில் காவல் காக்க வழியில்லை. பன்றிக்கு ஊரடங்கு கிடையாது.

இந்தக் கடுமைக்குள்ளும் ஓர் உடன்பாடு எழுதப்படாமல் வாழ்ந்தது. கோலா பிலா பக்கத்து மலாய்க் கம்போங்களில் நெல்லும் கிழங்கும் பழமரமும் உண்டு. பன்றி அவர்களுக்கு ஹராம், தொடவும் மாட்டார்கள். ஆனால் பன்றி அவர்கள் பயிரைத் தொடாமல் விடுமா? தோட்டத்துத் தமிழர்களும் சீனர்களும் நாய்களோடு வந்து அடித்துக்கொண்டு போனால் கம்போங்காரர்களுக்கு நிம்மதி, வந்தவர்களுக்குக் கறி. கங்காணி வீட்டுக்கு ஒரு பங்கு, கிராணிக்கு ஒரு பங்கு போக, மிச்சம் மிளகு தட்டிப் போட்டு வறுவலாகிக் கள்ளுக்கடைக்குப் போகும். மூன்று இனங்களும் ஒரே பன்றியால் இப்படிப் பக்கத்தில் வந்ததைப் பாடப்புத்தகங்களில் எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

1955இல் வனவிலங்கு, பறவைகள் சட்டம் புதுப்பிக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 1960இல் ஆயுதச் சட்டம் வந்தது. காற்றுத் துப்பாக்கியும் அதன் கீழ் ஆயுதம்தான் என்பதை இன்றும் பலர் அறிவதில்லை. பிறகு வந்தது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 76ஆவது சட்டம். மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனியாக இருந்த மெர்காஸ்துவா இலாகாக்கள் இதன் வழி ஒரே கூட்டரசு இலாகாவாயின. அதுவே பெர்ஹிலித்தான். முழுப் பாதுகாப்பு பெற்றவை, உரிமம் பெற்று வேட்டையாடக் கூடியவை என்று பட்டியல்கள் வகுக்கப்பட்டன.

அதே 1972இல் இந்தியாவும் தன் வனவிலங்குச் சட்டத்தை இயற்றியது. அதில் தீங்குயிர் என்று ஒரு தனிப்பட்டியலே உண்டு. காகம், பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி ஆகியவற்றை யாரும் கொல்லலாம், கேள்வி கிடையாது. ஐம்பது ஆண்டுகள் இருந்த அந்தப் பட்டியலை 2022ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது.

நம் நாட்டுச் சட்டத்தில் பயிரைக் காக்க ஒரு வாசல் வைத்திருந்தார்கள். விலங்கு உங்கள் பயிரை அழிக்கிறதென்றால் முதலில் விரட்டிப் பார்க்க வேண்டும், விரட்டியும் போகாவிட்டால் சுடலாம் என்பது அதன் சாரம். அநியாயமான விதி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வாசல் யாருக்கு? நிலத்தின் சொந்தக்காரருக்கும் அதைச் சட்டப்படி அனுபவிப்பவருக்கும். சுட வேண்டுமென்றால் உரிமம் பெற்ற துப்பாக்கி வேண்டும். தோட்டத் தொழிலாளியின் வீடு வேலையோடு வந்த வீடு. வேலை போனால் வீடும் போகும். பாத்தி கம்பெனி நிலம். நிலமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. வாசல் திறந்துதான் இருந்தது, ஆனால் அவர் நுழைய முடியாத உயரத்தில் இருந்தது.

ஓராங் அஸ்லி மக்களுக்கு மட்டும் சட்டம் தனியாக ஒரு சலுகை வைத்தது. நெகிரி செம்பிலான் தெமுவான் மக்களைப் போன்றவர்கள், குறிப்பிட்ட சில விலங்குகளைத் தாங்களும் தங்கள் குடும்பமும் உண்பதற்கு வேட்டையாடலாம், விற்கக் கூடாது. காட்டையே நம்பி வாழ்ந்தவர்களுக்கு அது நியாயம். இந்த இரண்டுக்கும் நடுவில், காட்டுக்கும் சொந்தமில்லாமல் மண்ணுக்கும் சொந்தமில்லாமல் நின்றவர்கள்தான் நம்மவர்கள்.

அவர்கள் கையில் மிஞ்சியது கண்ணி. சைக்கிள் பிரேக் கம்பியில் ஒரு சுருக்கு, அவ்வளவுதான். செலவில்லை, சத்தமில்லை. இங்கே நான் நம் ஆட்களுக்காக வக்காலத்து வாங்கப் போவதில்லை. பன்றிக்கு வைத்த சுருக்கு பன்றிக்கு மட்டும் விழாது. தாபிர் மாட்டும், புலியின் கால் அறுபடும். தீபகற்பக் காடுகளில் மலாயாப் புலி 150க்கும் குறைவு என்று தேசியப் புலிக் கணக்கெடுப்பு சொல்லிவிட்டது. அதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்தக் கம்பிதான். பன்றிக்கு மின்சாரக் கம்பி போடுவது அதைவிட மோசம். காலையில் பால் வெட்டப் போகும் பக்கத்து வீட்டுக்காரரைப் பலி வாங்கும்.

சட்டமும் இப்போது கடுமையாகிவிட்டது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2010 டிசம்பர் 28ஆம் தேதி நடப்புக்கு வந்த 716ஆவது சட்டத்தில், கண்ணி வைப்பதற்குக் குறைந்தபட்ச அபராதமே 50,000 வெள்ளி. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சட்டத்தின் கடுமையான குற்றங்களுக்குப் பத்து லட்சம் வெள்ளி வரை அபராதமும் 15 ஆண்டு வரை சிறையும் உண்டு. 2025இல் நிர்ணயித்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. ஒரு சுருக்குக் கம்பிக்கு இரண்டரை ஆண்டுச் சம்பளம் அபராதம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். "பன்றிதானே" என்ற சொல் நீதிமன்றத்தில் செல்லாது. காட்டுப்பன்றியும் உரிமம் பெற்றுத்தான் வேட்டையாட வேண்டிய விலங்கு.

நெகிரி செம்பிலானில் பன்றி என்றதும் 1998ஐ மறக்க முடியுமா? அந்த ஆண்டு செப்டம்பரில் ஈப்போ பக்கம் தொடங்கிய மூளைக்காய்ச்சல், டிசம்பரில் நம் சிக்காமட்டுக்கு வந்தது. பாரோயிலிருந்து கூப்பிடு தூரம். பிறகு புக்கிட் பெலாண்டோக், சுங்கை நீப்பா. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்த பிறகுதான் விஷயம் விளங்கியது. சுங்கை நீப்பாவின் பெயரையே கிருமிக்கும் வைத்தார்கள். நாடு முழுவதும் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான வளர்ப்புப் பன்றிகள் கொல்லப்பட்டன. புக்கிட் பெலாண்டோக் என்றால் சருகுமான் குன்று என்று பொருள். வேட்டைச் சட்டப் பட்டியலில் உள்ள அந்தச் சாது மிருகத்தின் பெயர், உலக மருத்துவ நூல்களில் இப்படியா ஏற வேண்டும்!

கிருமியைச் சுமந்தது பழந்தின்னி வௌவால் என்று தெரிந்ததும் பழி அதன் தலையில் விழுந்தது. இழுப்பு நோய்க்கு நல்லது என்று சொல்லித் தோட்டங்களில் வௌவால் கறி சமைத்தவர்கள் அதோடு கையை உதறினார்கள். ஆனால் பண்ணையின் பன்றிக் கொட்டடிக்கு மேலேயே பழமரத்தை வளர்த்து வைத்தது வௌவாலின் குற்றமா? தியோமான் தீவில் நடந்து 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, டுரியான் பூவில் மகரந்தம் சேர்ப்பதும் இந்தப் பழந்தின்னிதான் என்று படம் பிடித்துக் காட்டியது. தொல்லை என்று நாம் சுட்டுத் தள்ளினால், டுரியான் பருவத்தில்தான் கணக்குத் தெரியும்.

குரங்குக்கு வருகிறேன், அதைக் கேட்கத்தானே காத்திருக்கிறீர்கள்! நீண்ட வால் குரங்குகளை ஏற்றுமதி செய்ய 1984இல் தடை விதித்தார்கள். 2007இல் தடையை நீக்கினார்கள். எதிர்ப்பு கிளம்பவே 2008இல் மறுபடியும் தடை. பிறகு நகர்ப்புறப் புகார்கள் பெருகின. பெர்ஹிலித்தான் 2012இல் மட்டும் ஏறத்தாழ 97,000 குரங்குகளைக் கொன்றது. கொன்றும் குறையவில்லை என்பதைப் பாரோய்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கூட்டத்தை அப்புறப்படுத்தினால் அடுத்த கூட்டம் அந்த இடத்துக்கு வருகிறது. குப்பைத் தொட்டி திறந்தே கிடக்கிறது, வருவதற்குக் காரணமா இல்லை? கோயில் வாசலில் அனுமாருக்கென்று பழம் போடுபவர்களும் அதே தாமானில் இருந்து புகார் கொடுப்பவர்களும் பல நேரங்களில் ஒருவரே. பக்தியைக் குறை சொல்லவில்லை, பழத்தை அர்ச்சகர் கையில் கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கு ஒரு புது ஏற்பாடு வந்தது. காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தொடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு மேல் போனால் வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம். விவசாயி சுட முடியாது. ஆனால் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று அங்கே கேட்கவில்லை, பன்றி எங்கே நிற்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். குத்தகைக்காரனின் கடலைக்கும் பண்ணையாரின் கரும்புக்கும் ஒரே அளவுகோல். எனக்கு இது நம்முடைய விதியைவிடக் கொஞ்சம் நியாயமாகவே படுகிறது. அங்சி மலையடிவாரத்தில் அந்தக் கோட்டைப் போட்டால், பாரோயின் பல வீடுகள் தொடக்கூடாத எல்லைக்குள்ளும் பிடித்துவிடும் எல்லைக்குள்ளும் வந்துவிடும் என்பது வேறு விஷயம்.

தாமானில் சொந்த வீடு வாங்கியவர்களுக்கு இன்று கையில் கிராண்ட் இருக்கிறது. பாட்டனுக்கு இல்லாத அந்த ஒரு காகிதம் இருப்பதால், நிலத்துக்கு உரியவர் என்று சட்டம் சொல்லும் வாசலில் அவர்கள் முதல் தலைமுறையாக நிற்கிறார்கள். துப்பாக்கி உரிமம் வேண்டுமென்றால் போலீஸ், வேட்டை உரிமம் வேண்டுமென்றால் பெர்ஹிலித்தான். வீடுகள் நெருங்கி நிற்கும் தாமானில் சுடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்னும் தோட்ட வீடுகளில் இருப்பவர்கள், கிராண்ட் இல்லையே என்று பேசாமல் இருந்துவிட வேண்டாம். சுடுவதற்குத்தான் நிலமும் உரிமமும் வேண்டும். புகார் கொடுக்க அது எதுவும் தேவையில்லை. பாத்தி கம்பெனி நிலத்தில் இருந்தாலும், பன்றி எந்த இரவு, எந்தப் பக்கமாக வந்தது, எவ்வளவு சேதம் என்று தேதி போட்டு எழுதி, படமும் எடுத்து, பெர்ஹிலித்தான் மாநில அலுவலகத்தில் நீங்களே கொடுக்கலாம். ஒரு நகலை நிர்வாகத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.